ஒரு லோடு தண்ணீர்

"கெணத்துல சொட்டுத் தண்ணி இல்ல. குடத்தத் தூக்கிட்டுத் தெருத்தெருவா அலையவா எம்மகளப் பெத்தேன்?"

"பைப்புத் தண்ணி வாரத்துக்கு ஒருக்கா வந்துருதுண்ணே..."

"வந்து? அதக் குடிக்கவா, குளிக்கவா?"

மகன் அழகுராஜாவுக்குப் பெண் தர வந்தவர், கொடுத்த காபியைக்கூடத் தொடாமல் செருப்பை மாட்டியது முருகலட்சுமிக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அதனால்தான், மழை பொய்த்துப்போகும் காலத்தில் டவுனுக்குத் தண்ணீருக்கு என்ன வழி என்று மதுரைக் காலேஜில் ஆராய்ச்சி செய்யும் திருச்சுழிப் பெண் ஜோதிகா, "மாசம் ஒருக்கா உங்க கெணத்த அளக்க வாரேம்மா" என்றதும் முருகலட்சுமி பயந்துபோனாள். வறண்ட கிணறு என்று இவள் எழுதிவிட்டால் அருப்புக்கோட்டை முழுக்கத் தெரிந்துவிடும். அப்புறம் எவன் பெண் தருவான்?

அவள் வருகிற நாட்களில், விசைத்தறி வேலை முடிந்து மகன் வீடு திரும்புமுன், ஒரு லோடு லாரித் தண்ணீரைக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவாள் முருகலட்சுமி.

இன்று கடைசி அளவு. அழகுராஜா கம்பி மூடியைத் தூக்கிப் பிடிக்க, ஜோதிகா குனிந்து டேப்பை இறக்கினாள்.

"பாத்துங்க. டேப்போட நீங்களும் இறங்கிராதீங்க."

"விழுந்தா தூக்க மாட்டீகளாக்கும்?"

"நான் தறி ஓட்டுறவன். தீயணைப்பு வண்டியா ஓட்டுறேன்?"

அவன் பால் வாங்கக் கிளம்பியதும் முருகலட்சுமி ஜோதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த ஆராய்ச்சியை வைத்துத்தான் நகராட்சி மழைநீர் சேமிக்கும் குழி வெட்டப்போகிறது, தண்ணீர் இருக்கிற தெருவுக்குக் கிடையாது என்று நேற்றுத்தான் யாரோ சொன்னார்கள். அப்போதிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"தாயி, அது ஊத்துத் தண்ணி இல்ல. லாரித் தண்ணி. நாந்தான் ஊத்துனேன். எம்பொய்யால தெருவுக்கே குழி கிடைக்காமப் போயிரக் கூடாதுத்தா."

ஜோதிகா சிரித்துவிட்டாள்.

"தெரியும்மா. தெருவுல எல்லாக் கெணத்துலயும் ஊறுற கொஞ்சநஞ்சமும் உப்பு. உங்க கெணறு மட்டும் இனிச்சா சந்தேகம் வராதா? முதல் மாசமே அத ஆராய்ச்சியிலருந்து எடுத்தாச்சு. குழி உங்க தெருவுக்குத்தான் முதல்ல வேணும்னு எழுதியிருக்கோம்."

முருகலட்சுமிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அடிப்பாவி! அப்புறம் எதுக்குடி மாசாமாசம் வந்து என்னைய லாரிக்காரன் பின்னால அலைய விட்ட?"

ஜோதிகா டேப்பைச் சுருட்டினாள். சுருட்டி முடித்ததை அவிழ்த்து, மறுபடியும் சுருட்டினாள்.

"ஒவ்வொரு தடவையும் கேட்டுறணும்னுதான் வந்தேன். வாய் வரல. உங்க மகன எனக்குக் கட்டித் தாரீகளா, அத்தை?"