கூடம் வழியாக

எங்கள் எட்டாம் தெரு முட்டுச்சந்து. பின்னால் இருக்கும் ஐந்தாம் தெருவும் முட்டுச்சந்துதான். இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. ஒரு பகுதியின் தெருக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இணைந்திருக்கின்றன என்று மாநகராட்சியில் இப்போது மதிப்பெண் போடுகிறார்கள். நாற்பதுக்குக் கீழே போன பகுதிக்குப் பேருந்து கிடையாது. போன சித்திரையில் எங்கள் கூடத்தைத் தெருவாக அறிவித்து, வாசல் கதவையும் பின்கதவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். மதிப்பெண் நாற்பத்து மூன்றானது. பேருந்தும் வந்துவிட்டது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

முதலில் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் கடந்தார்கள். "மன்னிச்சுக்கங்கக்கா, பஸ் போயிடும்" என்பார்கள். என் மனைவி சுகந்தியும் சிரித்துவைப்பாள். ஆடியில் செருப்போடு நடந்தார்கள். ஐப்பசியில் சேற்றோடு. தட்டை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டிச் சாப்பிட நாங்களும் பழகிவிட்டோம். சுகந்தி மட்டும் நாளுக்கு மூன்று தடவை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தவள், காய்கறிப் பையோடு கூடத்தின் நடுவில் மூச்சு வாங்க நின்றாள். காலில் செருப்பு.

"செருப்பக் கழட்டலையா?" என்றேன்.

"வீட்டுக்குள்ள போறப்ப கழட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அடுப்படி வாசலில் கழற்றிவைத்தாள்.