முகம் தெரிகிற படம்

பெற்ற தாயின் போட்டோ ஒன்றுகூடவா ஒரு பெண்ணிடம் இருக்காது?

வாசலில் வந்து நின்றவள் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முதலில் அதுதான் தோன்றியது. வாய்விட்டுக் கேட்டும் விட்டார்.

"என் போன் போன மாசம் தண்ணியில விழுந்துடுச்சு சார். இருந்ததெல்லாம் அதோட போச்சு."

அவள் அம்மா இந்த வீட்டில் பதினோரு வருஷம் சமைத்து, துவைத்து, துடைத்தவள். நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தாள். எழுந்திருக்கவே இல்லை. நாளைக் காலையில் அடக்கம். மிஞ்சியிருப்பது அடையாள அட்டையில் இருக்கும் படம்தான். அதில் மூக்கும் தெரியவில்லை, கண்ணும் தெரியவில்லை. இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று ஸ்டுடியோக்காரர் கையை விரித்துவிட்டார். முகம் தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம் ஆறு மணிக்குள் கொண்டுவந்தால் பெரிதாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உட்காரும்மா. உங்கம்மாவை நாங்க வேலைக்காரியா நினைச்சதே இல்லை. எங்க வீட்ல ஒருத்தி. ஒண்ணென்ன, நூறு எடுத்துத் தரேன்."

வெறும் வாய்ப்பேச்சில்லை. ரிடையர் ஆனதிலிருந்து அவருக்கு இதுதான் உத்தியோகம். முப்பத்தெட்டாயிரம் போட்டோக்களை வருஷவாரியாக, ஆள்வாரியாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்திருந்தார். மகனுக்கு ஒன்பதாயிரம், மகளுக்கு ஏழாயிரம். செத்துப்போன நாய்க்கே தனி ஃபோல்டர், நானூற்றுச் சொச்சம் படங்கள்.

கம்ப்யூட்டர் தானாகவே பிரித்து வைத்திருந்த முகங்களின் பட்டியலைத் திறந்தார். ஏதோ கல்யாணத்தில் குறுக்கே வந்த வழுக்கைத் தலைக்குக்கூடப் பதினான்கு படம் இருந்தது. பதினோரு வருஷம் வீட்டுக்குள் நடமாடியவள் அதில் இல்லை.

"மிஷினுக்கு என்ன தெரியும்? நானே தேடறேன்" என்றார்.

மகளின் பிறந்தநாள் படத்தில் கேக் தட்டை நீட்டும் ஒரு கை இருந்தது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. சமையலறைப் படத்தில் முதுகு. இன்னொன்றில் பாதி நெற்றி. மீதியை வெட்டியது அவரேதான், ஓரத்தில் இடைஞ்சலாக இருக்கிறதென்று.

புத்தாண்டு அன்று எடுத்த படத்தில் நாய் உட்பட வீடே நின்றது. அதில் கட்டாயம் இருப்பாள் என்று பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்தப் படத்தை எடுத்ததே அம்மாவாத்தான் இருக்கும் சார்" என்றாள் அந்தப் பெண், குரலை உயர்த்தாமல்.

அடுத்த ஃபோல்டருக்குப் போனார். மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பின்னாலேயே நின்றாள். அந்த அடையாள அட்டைப் படத்தையே வேறு ஸ்டுடியோவில் காட்டிப் பார்க்கலாமே என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. மணி ஐந்தரை ஆகியிருந்தது.

கடைசியில் 'இதர' என்ற ஃபோல்டரைத் திறந்தார். மனைவியின் பழைய போனிலிருந்து எடுத்துக் கொட்டிய குப்பை அது. மருந்துச் சீட்டு, கரண்ட் பில், மிக்சியின் வாரண்டி அட்டை. அவற்றுக்கு நடுவில் அவள் இருந்தாள்.

முழு முகம். வெள்ளைச் சுவரோரம் தனியாக நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முடிகூடத் தப்பாமல் அப்படித் துல்லியம்.

"அது வேண்டாங்க. சரியா விழலை" என்று மனைவி மௌஸைப் பிடிக்க வந்தாள்.

"இதைவிட நல்லா எப்படி விழும்? சும்மா இரு" என்று கையை விலக்கினார்.

அந்தப் பெண் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். விரலால் அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அம்மாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி, யாராவது போட்டோ எடுக்க வந்தா ஓடிடுவாங்க" என்றாள். பிறகு மனைவி பக்கம் திரும்பினாள். "தனியா கூப்பிட்டு நிக்க வெச்சு எடுத்திருக்கீங்களே மேடம். இதுவரைக்கும் எங்கம்மாவை யாருமே அப்படி எடுத்ததில்லை. வீட்ல உங்களைப் பத்தி ஒரு குறை சொன்னதில்லை அவங்க. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

படத்தைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். ஸ்டுடியோ வரைக்கும் ஆட்டோவுக்குச் சொல்லி ஏற்றிவிட்டு வந்து சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதி அவருக்கு. அவள் டீயைத் தொடாமலே போயிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"முப்பத்தெட்டாயிரம் படத்தை அடுக்கினேன். அவளை ஒரு படம் எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. உனக்குத் தோணியிருக்கு பாரு" என்றார், மனசார.

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என் வளையல் காணாமப் போச்சே, ஞாபகமிருக்கா? போலீஸ்ல கொடுக்கிறதுக்காக அன்னிக்கு எடுத்தேன்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. "அதான் மறுநாளே பீரோவுக்குப் பின்னாடி கிடைச்சுதே?"

"கிடைச்சுது. படத்தை அழிக்கத்தான் மறந்துட்டேன்."