கவனிக்க மட்டும்

முதல் குத்து வயிற்றில் விழுந்தது. அடி வாங்கியவன் மடங்கி உட்காருமுன் இரண்டாவது குத்து மூக்கைப் பதம் பார்த்தது. வெள்ளைச் சீருடையில் ரத்தம் சொட்டியது.

"அடேயப்பா, என்னா நடிப்பு!" என்றார் அறிவியல் மாஸ்டர், பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி.

ஊரிலுள்ள பல பள்ளிகளிலிருந்தும் வந்த ஆசிரியர்கள் அந்தப் பள்ளியின் மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாணவர்கள் ஒருவரையொருவர் வதைப்பதைத் தடுப்பது எப்படி என்று அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. கீழே சைக்கிள் ஷெட்டில் நடப்பது செயல்விளக்கம்.

பயிற்சியாளருக்குப் பெருமை தாங்கவில்லை. "நாடகக் குழுப் பசங்க. போன்லயே பேசி முடிச்சேன். இந்த ஸ்கூல் யூனிஃபார்ம்லயே வந்து திடீர்னு ஆரம்பிப்பாங்கன்னு சொன்னேன்ல? நீங்க கவனிக்க மட்டும் செய்யணும். யாரும் குறுக்க போகக் கூடாது."

வேடிக்கை பார்க்க மனிதனுக்குப் பயிற்சியா வேண்டும்? எல்லோரும் சொன்னபடியே நின்றார்கள்.

கணக்கு டீச்சர் மட்டும் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். நடிப்போ என்னவோ, நாலு தடியன்கள் சேர்ந்து ஒரு நோஞ்சானை மிதித்தால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். இரண்டு தடவை நிறுத்தச் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

"அடி விழறதுக்கு முன்னாடியே கண்ணாடியைக் கழட்டிப் பைக்குள்ள வச்சான், பாத்தீங்களா டீச்சர்?" என்றார் அறிவியல் மாஸ்டர். "தினமும் வாங்குறவன்தான் அப்படிச் செய்வான். எவ்வளவு நுணுக்கமா யோசிச்சிருக்காங்க!"

கீழே ஒருவன் நோஞ்சானின் முடியைப் பிடித்து இழுத்து, முகத்தைச் சைக்கிள் ஹேண்டில் பாரில் மோதினான். அந்தச் சத்தம் மாடி வரை கேட்டது.

"போதும் சார், நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் கணக்கு டீச்சர் பயிற்சியாளரிடம்.

"இதான் டீச்சர் உங்ககிட்ட பிரச்சினை. பொசுக்குன்னு உணர்ச்சிவசப்பட்டுடறீங்க."

அப்போது நால்வரில் நெட்டையன் தற்செயலாக நிமிர்ந்தான். மாடியில் வரிசையாக நின்ற ஆசிரியர்களைக் கண்டதும், ஓங்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"நிறுத்தாதீங்க தம்பி! ரொம்ப இயல்பா இருக்கு!" என்று கத்தி, பயிற்சியாளர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

நெட்டையன் ஒரு கணம் திருதிருவென்று விழித்தான். பிறகு இளித்துக்கொண்டே காலை விலாவில் இறக்கினான். கிடந்தவன் ஒரு கையை மாடியை நோக்கி நீட்டினான்.

"டீச்சர்... டீச்சர்..."

கணக்கு டீச்சர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணீரோடு படிக்கட்டுக்கு ஓடினாள். பயிற்சியாளர் குறுக்கே வந்து நின்றார்.

"பாக்குறவங்களையும் உள்ள இழுக்குறான், பலே கில்லாடி! நீங்க இறங்கினா எல்லாம் கெட்டுடும்."

"நாடகத்துக்கெல்லாமா டீச்சர் அழுவாங்க?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு மிதி. நீட்டிய கை மெல்லத் தரையில் விழுந்தது. நால்வரும் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறிப் பறந்தார்கள். கிடந்தவன் அசையவில்லை.

மாடியில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஊரோடு ஒத்துப்போக வேண்டுமே, கணக்கு டீச்சரும் தட்டினாள்.

பின்னால் படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். இளைஞன் ஒருவன் மூச்சு வாங்க ஏறி வந்து பயிற்சியாளர் முன் நின்றான்.

"மன்னிச்சுக்கோங்க சார், வண்டி பஞ்சர். நாடகத்தை எங்க ஆரம்பிக்கலாம்?"