ஒன்பது ஆட்டம், பதினோரு கோல்

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

இந்தப் பருவத்தில் பதினான்கு ஆட்டம். மூன்று வெற்றி. ஒன்பது தோல்வி. இரண்டு சமன். அதற்குக் கீழே ஒரே வரி. ஒன்றாம் தேதியிலிருந்து அணிக்கு வேறு பயிற்சியாளர்.

கோவில்பட்டியில் அந்தப் பெண்கள் ஹாக்கி அணி தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் பயிற்சியாளர். நான்கு வருடம். காலை ஐந்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார். செயற்கைப் புல்லுக்குக் குழாய் பிடித்துத் தண்ணீர் அடிப்பார். பெண்கள் பத்துச் சுற்று ஓடினால் அவரும் பத்துச் சுற்று ஓடுவார், ஐம்பத்தேழு வயதில்.

கடிதத்தைக் கொடுத்த அணிச் செயலாளர் கனகவேல் நல்ல மனிதர். சாருடைய உழைப்பை யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் அணிக்குப் பணம் தருகிறவர்கள் புள்ளிப் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள் என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார்.

டீயைக் குடித்துவிட்டு இவர் வந்துவிட்டார்.

மைதானத்தில் யாரும் இல்லை. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தார்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் ஆடிய பெண்களின் பெயர்கள். பாதிப் பேருக்குக் கல்யாணமாகி எண் மாறியிருக்கும். நடுவில் மனைவியின் எண்ணும் வந்தது. அவள் இறந்து ஆறு வருடம்.

போனைக் கீழே வைத்தார்.

கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது.

ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ஜெபஷீலா. அணியிலிருந்து அவர் நீக்கிய ஒரே பெண்.

மூன்று வருடத்துக்கு முன்பு அது. ஒன்பது ஆட்டத்தில் பதினோரு கோல் அடித்திருந்தாள். ஆனால் ஓட மாட்டாள். பந்து பறிபோனால் துரத்திப் போக மாட்டாள். கோல் வட்டத்தின் இடது ஓரத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பாள். பயிற்சியில் நான்காவது சுற்றிலேயே ஷூ லேஸைக் கட்டுகிற மாதிரி குனிந்துவிடுவாள்.

அரையிறுதிக்கு முந்தின நாள் எல்லார் முன்னாலும் சொன்னார். கோல் கணக்கு எனக்கு வேண்டாம், கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடுகிறவள்தான் வேண்டும்.

அவள் ஸ்டிக்கை உறையில் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். இவர்கள் பக்கம் கோலே விழவில்லை. ஆனாலும் பெண்கள் கடைசி விசில் வரை ஓடினார்கள். அன்றைக்கு அவர் தலை நிமிர்ந்துதான் பஸ் ஏறினார்.

இப்போது ஜெபஷீலா பக்கத்தில் வந்து வணக்கம் சொன்னாள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை கிடைக்கும் போலிருக்கிறது, இங்கே ஆடியதற்குச் சான்று கேட்கிறார்கள் என்றாள். பயிற்சியாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இன்னும் நான்கு நாளைக்கு அவர்தான் பயிற்சியாளர். அதை அவளிடம் சொல்லவில்லை.

படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினார். ஆட்டம், ஒன்பது. கோல், பதினொன்று. எந்த நோட்டையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கட்டத்தில் 'உழைப்பு' என்று அச்சடித்திருந்தது.

பேனா நின்றது.

அவளும் அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்னால ஓட முடியாது சார். மூச்சு கிடைக்காது. அதான் பந்து எங்க வரும்னு பார்த்துப் பார்த்து, முன்னாடியே அங்க போய் நின்னேன்."

சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போயிருந்ததாம். போன வருஷம்தான் மதுரையில் சரி செய்தார்களாம். வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னாள்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொல்லிருந்தா ஆட விட்ருக்க மாட்டீங்கல்லா சார்."

விட்டிருக்க மாட்டார்.

கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பிறகு, எங்கே நிற்பாய், காட்டு என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினாள். அவர் அறையைத் திறந்து இரண்டு ஸ்டிக்கும் ஒரு பந்தும் எடுத்து வந்தார். வலது ஓரத்துக்குப் போய், பலமாகக் குறுக்கே அடித்தார்.

அவள் ஓர் அடிதான் நகர்ந்தாள். ஸ்டிக் திரும்பியதே தெரியவில்லை. பந்து கோல் பலகையில் மோதிய சத்தம் காலி மைதானம் முழுக்கக் கேட்டது.

இன்னொன்று என்றார்.

ஏழெட்டுப் பந்து அடித்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அவரே ஓடிப்போய்ப் பந்தை எடுத்து வந்தார். அவள் எடுக்கப் போனால் வேண்டாம் என்று கையைக் காட்டினார். எப்படி அடித்தாலும், பந்து வருகிற இடத்தில் அவள் முன்னாலேயே இருந்தாள்.

நேரமாகிறது என்று கிளம்பினாள். வேலை கிடைத்தால் அடுத்த பருவத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சாரிடம்தான் கூட்டி வருவேன் என்றாள்.

கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஸ்கூட்டிச் சத்தம் மெயின் ரோட்டில் கரைந்தது.

வட்டத்தின் இடது ஓரத்துக்கு நடந்து போனார். நான்கு வருடத்தில் ஒரு நாளும் அவர் அங்கே நின்றதில்லை. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று, ஓடு ஓடு என்று கத்தித்தான் பழக்கம்.

மூச்சு இரைத்தது. அடங்கட்டும் என்று நின்றார்.

அங்கிருந்து பார்க்கும்போது கோல் முழுசாகத் திறந்து கிடந்தது.