மசூதின் போர் விமானம்

"ஒரே ஒரு தடவை அந்த ரிமோட்டை என் கையில தாங்களேன்."

"ஏட்டி, இது என்ன டிவி ரிமோட்டா? ஒரு இமை கொட்டினா விமானம் மண்ணுல சொருகிரும். கண்ணுதான் இதுக்கு முக்கியம். நீ அங்கன தள்ளி நின்னு பாரு."

பதினாறு வருடத்துக்கு முன்னால், துபாயிலிருந்து லீவில் வந்தபோது மசூது அப்படிச் சொன்னார். ஹைருன் பீவி அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

அந்த ஹைருன்தான் இப்போது மூன்று மாதமாகப் புருஷனிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். விடியலில் சுபுஹு தொழுததும் புர்காவை மாட்டிக்கொண்டு, "உடம்பு கனத்துப் போச்சு, நடந்துட்டு வாரேன்" என்று கிளம்புவாள். தெருமுனை தாண்டியதும் மசூதின் சிநேகிதர் எபனேசரின் கார் நிற்கும்.

ஒருநாள் திரும்பி வந்தவள் அருகே மசூது உட்கார்ந்தார். புர்கா விளிம்பில் ஒட்டியிருந்த புல் விதைகளை விரலால் தடவித் தடவிப் பிடுங்கினார்.

"தென்காசி தார் ரோட்டுல இவ்வளவு ஒட்டுப்புல்லா முளைச்சுக் கிடக்கு?"

"ஓரமா நடந்தேன்."

அவர் சிரித்தார்.

துபாய் வேலையை விட்டு ஊரோடு வந்த நாள்முதல், ஆறு வருடமாக மாடியறையில் அவர் ஒரு ஸ்பிட்ஃபயர் செய்துகொண்டிருந்தார். உலகப்போரில் பறந்த விமானத்தின் குட்டி உருவம். வயிற்றில் பேட்டரி; மூக்கில் மாட்ட, எபனேசர் வாங்கித் தரும் மோட்டார் மட்டும் பாக்கி. மூன்று மாதத்துக்கு முன், பெயின்ட் அடித்து முடித்த மறுநாள், அறையைக் கூட்டப் போன ஹைருனின் கையிலிருந்து விளக்குமாறு நழுவியது.

இடது இறக்கையில் நீல வட்டமும் அதன் நடுவே சிவப்புப் பொட்டும் அச்சடித்தாற்போல் இருந்தன. வலது இறக்கையில் வட்டமே சிவப்பு. அதுவும் பாதி வழுக்கி, ஓரத்துக்குப் போயிருந்தது.

சர்க்கரை அவர் கண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "புகை போட்டாப்ல இருக்கா?" என்று திருநெல்வேலி டாக்டர் கேட்டபோது, "சேச்சே, பளிச்சுன்னு தெரியுது" என்று சாதித்த மனுஷர். டம்ளரைத் தட்டிவிட்டால் "யாருட்டி இதை இங்கன வச்சது?" என்று கத்துவாரே தவிர, எடுத்துக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

அவர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் வலது இறக்கையை அவளே சரிசெய்தாள். பிறகு எபனேசரைத் தேடிப் போனாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர். மசூதோடு ஞாயிறுதோறும் விமானம் விட்டவர்.

"மைனி, அண்ணாச்சி இதை மேல ஏத்துனா ஒரு நிமிஷம் தாங்காது. ஆறு வருச உழைப்பு. நொறுங்கிச்சுன்னா மனுஷன் எந்திரிக்கவே மாட்டாரு."

"அப்ப நான் ஏத்துதேன் தம்பி. சொல்லித் தாங்க. அவுகளுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது."

"மோட்டார் இன்னும் வரலை அண்ணாச்சி" என்று எபனேசர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அதற்குள் காலைதோறும் ஊருக்கு வெளியே பழகி, ஹைருன் எட்டுத் தெர்மோகோல் விமானங்களை உடைத்தாள். காருக்குள் இருந்தபடி எபனேசரின் மனைவி, "மைனி, ஒம்பதாவதையாவது முழுசா இறக்குங்க!" என்று சிரித்தாள். ஒன்பதாவது முழுசாக இறங்கியது.

வைகாசிக் கடைசி ஞாயிறு. குத்துக்கல்வலசைக்கு அப்பால் வறண்டு கிடந்த குளத்துக்குப் போனார்கள். குற்றால மலையில் மேகம் இறங்கியிருந்தது. சாரல் விழுந்தால் இங்கே தண்ணீர் தேங்கிவிடும்.

விமானத்தை வேறொரு ரிமோட்டோடு இணைத்திருந்தார் எபனேசர். அது ஹைருனின் புர்காவுக்குள் இருந்தது. மசூதின் கையில் இருந்த ரிமோட் வெறும் டப்பா.

அவளுக்கு ஒரே ஒரு பயம். பறக்கவிடும் முன்னால் ரிமோட்டின் குச்சியை ஆட்டி, இறக்கை மடல் அசைகிறதா என்று தொட்டுப் பார்க்காமல் மசூது ஒருநாளும் விமானத்தை விட்டதில்லை. இன்று தொட்டால் குட்டு உடைந்துவிடும்.

இன்று அவர் தொடவில்லை. ஹைருன் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள்.

"விடுலே எபனேசரு!"

எபனேசர் ஓடிப்போய் விமானத்தை வீசினார். புர்காவுக்குள் அவள் கட்டைவிரல் மேலே தள்ளியது. ஒரு கணம் தாழ்ந்த ஸ்பிட்ஃபயர், சுதாரித்துக்கொண்டு ஏறியது. வெயில் பட்டு இரண்டு நீல வட்டங்களும் மினுங்கின.

"பாத்தியாட்டி, எப்படி ஏறுது!"

"உங்க கைக்கு என்ன குறைச்சல்?" என்றாள்.

விமானம் வடக்கே திரும்பியிருந்தது. அவர் முகமோ மலைப்பக்கமே நின்றது. ஹைருனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை இல்லை, இமைக்கவும் கூடாது.

மசூது மெல்லக் குனிந்தார். கையிலிருந்த ரிமோட்டைப் புல்லில் வைத்தார். மேலே விமானம் நிதானமாக வட்டமடித்துக்கொண்டிருந்தது. எபனேசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மசூதின் விரல்கள் அவளுடைய புர்கா விளிம்பைத் தேடிப் பிடித்தன. ஒட்டியிருந்த ஒரு புல் விதையைப் பிடுங்கின.

"இந்த ரிமோட்டுல நான் பேட்டரியே போடலை, ஹைருன்."

அவர் அந்த விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைட்டி... எங்கன பறக்குதுன்னு கொஞ்சம் சொல்லேன்."