ஒன்றரை அடி இடைவெளி

பொருள்களைத் தானே இடம் மாற்றி அமைத்துக்கொள்ளும் எஸ்தர் அக்காவின் சமையலறை, அன்று காலை ஸ்டூலை ஒதுக்கிவிட்டு, ஃப்ரிட்ஜை ஜன்னலோரம் நகர்த்தி, அங்கிருந்த ஒன்றரை அடி இடைவெளியை மூடிவிட்டது. சரிசெய்ய வந்த திரவியத்துக்கு எதையும் விளக்குவதில் அலுப்பே கிடையாது.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னால நாலு விரல் காத்து வேணும்க்கா. முன்னால கதவு முழுசாத் திறக்கணும். ஆளுக்குன்னு விட்ட இடத்தை ஆறு மாசம் யாரும் பயன்படுத்தலைன்னா, சும்மா கிடக்குன்னு சமையலறையே எடுத்துக்கும்."

"சும்மாவா கிடந்துச்சு? எங்க வீட்டுக்காரர் அங்க ஸ்டூல் போட்டுத்தான் வெங்காயம் உரிப்பாரு. கதவைத் திறந்தா அவரு முட்டியில இடிக்கும். தினமும் சண்டைதான்."

அவர் இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

"பழைய அளவே வச்சா கதவு இடிக்கும்க்கா. பரவாயில்லையா?"

"இடிக்கட்டும்."

திரவியம் சுவரிலிருந்த திரையில் அளவை மாற்றினான். ஃப்ரிட்ஜ் மெல்ல முனகிக்கொண்டு விலகியது. தரையில் ஸ்டூல் கால்கள் தேய்த்த நான்கு வட்டங்கள் தெரிந்தன.

"யாராவது அப்பப்ப உக்காரணும். இல்லைன்னா மறுபடியும் மூடிடும்."

"அப்ப நீயே உக்காரு தம்பி. டீ போடுறேன்."

அடுத்த வீட்டு வேலை காத்திருந்தது. ஆனாலும் அந்த வட்டங்களின்மேல் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். பால் எடுக்க அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவு அவன் முட்டியில் நங்கென்று இடித்தது.

"காலை மடக்குங்கன்னு எத்தனை தடவ சொல்றது உங்ககிட்ட?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

திரவியம் காலை மடக்கிக்கொண்டான்.