தாய்மாமன் படம்

தனியாகப் படமெடுக்க ஒப்புக்கொண்ட முதல் கல்யாணத்திலேயே மாரிசெல்வி தப்புச் செய்துவிட்டாள். பெண்ணின் தாய்மாமனை விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் அப்பாவை முதலில் மேடைக்குக் கூப்பிட்டாள்.

"ஏளா, அப்ப நான் யாரு?" என்று தாய்மாமன் சுடலைமுத்து இரும்பு நாற்காலியைத் தூக்கினார். மூன்றே அடி. சம்பந்தியின் மண்டை பிளந்து மணவறையெல்லாம் ரத்தம். மாரிசெல்வி விரலை எடுக்காமல் படமெடுத்தாள்.

"எங்கப்பாவக் கொன்னுட்டான் சார்! இந்தக்கா எல்லாத்தையும் எடுத்திருக்கு!" என்று மாப்பிள்ளை வந்திறங்கிய இன்ஸ்பெக்டரிடம் கதறினான்.

இன்ஸ்பெக்டர் படங்களைப் பார்த்தார். அழுகையைச் சிரிப்பாக்கி, அலங்கோலத்தை அழகாக்கித் தானாகவே மாற்றித் தரும் கல்யாணக் கேமரா அது. ஒவ்வொரு படத்திலும் சுடலைமுத்து சிரித்தபடி சம்பந்திக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"மரியாதையா உக்காரத்தானம்மா சொல்லுதாரு?" என்றார் மாரிசெல்வியிடம்.

"நான் கண்ணால பாத்தேன் சார்!"

"கண்ணால பாத்ததெல்லாம் இப்ப கோர்ட்டுல செல்லாது. படம் என்ன சொல்லுதோ அதான்."

சுடலைமுத்து நாற்காலியை விடாமலே பிணத்தருகே வந்து நின்றார்.

"ஏளா, இப்பவாது என்னயப் படமெடு."

மாரிசெல்வி கேமராவைத் தூக்கினாள். அதன் திரையில், செத்தவர் எழுந்து நின்று, கொன்றவரின் தோளில் கை போட்டுச் சிரித்தார்.